ஆற்று நீரோட்டத் தரவுக்கு டேபிள் அமைப்பது: அளந்ததையும் கணக்கிட்டதையும் பிரித்து வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: காவிரியில் பத்துப் பன்னிரண்டு அளவீட்டு நிலையங்களின் தரவை வைத்து வெள்ளம், வறட்சி, மாதாந்திர டிஎம்சி (100 கோடி கன அடி) கணக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள் எழுதுகிறீர்கள். இப்போது நிலையத்துக்கு ஒரு டேபிள். ஒரு வரி என்பது ஒரு மாதம். 1 முதல் 31 வரை நாளுக்கு ஒரு நெடுவரிசை. உள்ளே விநாடிக்கு எத்தனை கன அடி என்ற எண். தரவைக் கேட்டெடுக்கும் குவெரி எழுதவே திண்டாட்டமாக இருக்கிறது, எப்படிப் பிரித்து அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

31 நெடுவரிசை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது பதிவேட்டின் வடிவம். ஒரு மாதத்தை ஒரே பார்வையில் பார்க்க மனிதக் கண்ணுக்கு அதைவிட நல்ல வடிவம் கிடையாது. ஆனால் பிப்ரவரி 30 என்று ஒரு கட்டம் அதில் எப்போதும் சும்மா கிடக்கும். ஜூன் 28 முதல் ஜூலை 4 வரை ஏழு நாள் சராசரி வேண்டும் என்றால் இரண்டு வரிகளைக் கிழித்து ஒட்ட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு வரி என்று நீளவாக்கில் மாற்றுங்கள். நிலையத்துக்கு ஒரு டேபிளும் வேண்டாம், எல்லா நிலையமும் ஒரே டேபிளில் இருக்கட்டும். பதிவேடு போன்ற தோற்றம் அச்சுக்குத் தேவைப்பட்டால் அதை அறிக்கையில் செய்துகொள்ளலாம். இதுவரை யார் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்கள்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது வேறு. உங்கள் டேபிளில் 'ஓட்டம்' என்று இருக்கும் எண்களில் பெரும்பாலானவற்றை ஆற்றில் யாரும் அளக்கவில்லை.

ஆற்றங்கரையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். காலை 8 மணிக்குப் பணியாளர் இறங்கிப் போய், நட்டுவைத்த அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறார்: 3.50 மீட்டர். அளந்தது அவ்வளவுதான். நீரோட்ட வேகமானியான கரன்ட் மீட்டரை இறக்கி வேகத்தை அளந்து, குறுக்குவெட்டுப் பரப்போடு பெருக்கி, ஓட்டத்தை நேரடியாகக் கண்டுபிடிக்கும் நாட்களும் உண்டு. ஆனால் விடுமுறை நாளிலும், ராத்திரியிலும், படகு இறக்க முடியாத பெருவெள்ளத்திலும் நமக்குக் கிடைப்பது மட்டம் மட்டும்தான். மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் ரேட்டிங் கர்வ் வழியாகத்தான் அது கன அடியாக மாறுகிறது.

அந்தக் கர்வ் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஓட்டம் = அ × (மட்டம் − ஓட்டமற்ற மட்டம்) அடுக்கு ஆ. இதில் அ, ஆ இரண்டும் அந்த நிலையத்துக்கான மாறிலிகள். 'ஓட்டமற்ற மட்டம்' என்பது எந்த வாசிப்பில் ஆறு ஓடாமல் நின்றுவிடுமோ அந்த அளவு. படுகையின் ஆழத்தைப் பொறுத்தது அது. மணல் வெட்டினாலோ வெள்ளம் அரித்தாலோ மாறும்.

கணக்குக்காக ஒரு நிலையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அ = 40, ஆ = 1.7, ஓட்டமற்ற மட்டம் 0.5 மீட்டர். அளவுகோல் 3.5 மீட்டர் காட்டினால் ஓட்டம் விநாடிக்குச் சுமார் 259 கன மீட்டர், அதாவது 9,140 கன அடி. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு படுகை 20 சென்டிமீட்டர் இறங்கி, ஓட்டமற்ற மட்டம் 0.3 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே 3.5 மீட்டருக்கு இப்போது 289 கன மீட்டர், 10,200 கன அடி. வித்தியாசம் ஏறக்குறைய 1,060 கன அடி. முப்பது நாளுக்குக் கூட்டினால் 2.7 டிஎம்சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்கு வரும் காவிரி நீரை அளக்கும் எல்லை நிலையமான பிலிகுண்டுலுவில் ஜூன் மாதத்துக்கு வரவேண்டியதே 9.19 டிஎம்சிதான். பணியாளர் சரியாகப் படித்தார், மென்பொருளும் சரியாகக் கூட்டியது, எந்தக் கர்வ் என்பது மட்டும் தப்பு என்றால் போகும் தொகை இது.

ஆகவே 'ஓட்டம்' என்ற ஒரே நெடுவரிசையில் எல்லாவற்றையும் கொட்டினால், நாளைக்குக் கர்வ் திருத்தப்படும்போது உங்களிடம் திருத்துவதற்கு அடிப்படையே இருக்காது. மட்டம் தொலைந்துபோயிருக்கும், விளைவு மட்டும் மிஞ்சியிருக்கும். என் முதல் வடிவமைப்பில் நான் செய்ததும் இதே தவறுதான். ஒரு நிலையத்தில் ஆண்டு உச்ச வெள்ளம் திடீரென்று ஒரு வருடத்திலிருந்து எல்லாம் கூடுதலாகத் தெரிந்தது. மழையில் மாற்றமா, மேலே ஏதாவது அணையா என்று நாட்கணக்கில் தேடினோம். கடைசியில் பழைய பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி கிடைத்தது: வெள்ளத்தில் சாய்ந்த அளவுகோலை வேறிடத்தில் நட்டிருக்கிறார்கள், அதன் பூஜ்யக் கோடு நிற்கும் உயரம், அதாவது பூஜ்ய மட்டம், மாறியிருக்கிறது. டேபிளில் அந்த ஒரு வரிக்கு இடமே வைக்கவில்லை நான். மட்டங்களைப் பதிவேட்டிலிருந்து மறுபடி தட்டெழுதித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இப்போது டேபிள்களுக்கு வருகிறேன்.

'நிலையம்' டேபிளில் மாறாதவை மட்டும் இருக்கட்டும்: குறியீடு, பெயர், ஆறு, அட்சரேகை, தீர்க்கரேகை, நீர்ப்பிடிப்புப் பரப்பு. குறியீட்டை எண்ணாக வைக்காதீர்கள், எழுத்தாக வையுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தரவோடு ஒப்பிட வேண்டி வந்தால் இதன் அருமை புரியும். வாஷிங்டன் அருகே போடோமாக் ஆற்று நிலையத்தின் எண் 01646500. எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், பிறகு எதோடும் பொருந்தாது. அவர்களிடம் ஓட்டத்துக்கான குறியீடு 00060, மட்டத்துக்கு 00065. அங்கேயும் இதே கதிதான்.

அளவுகோலின் பூஜ்ய மட்டத்தை நிலைய டேபிளில் வைக்காதீர்கள். அது மாறும் என்று மேலே பார்த்தோம். 'பூஜ்ய மட்டம்' என்று தனி டேபிள்: நிலையம், கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர், எந்த நாள் முதல், எந்த நாள் வரை, ஏன் மாறியது. அந்தப் பென்சில் குறிப்புக்கான இடம் இந்த 'ஏன்' நெடுவரிசை. அதைக் காலியாக விட முடியாதபடி கட்டாயமாக்குங்கள்.

ரேட்டிங் கர்வுக்கு மூன்று டேபிள் வேண்டும். ஒன்று கர்வின் தலைப்பு: நிலையம், செல்லுபடியாகும் காலம், யார் அங்கீகரித்தது. இரண்டாவது அதன் துண்டுகள்: எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரை, அ, ஆ, ஓட்டமற்ற மட்டம். ஒரே கர்வுக்குப் பல துண்டுகள் இருக்கும். தண்ணீர் கரைக்குள் ஓடும்போது ஒரு உறவு, கரை தாண்டிப் பரவும்போது வேறு உறவு. மூன்றாவது, கரன்ட் மீட்டரால் நேரடியாக அளந்த ஓட்டங்கள். இவைதான் கர்வுக்கு ஆதாரம். இவற்றில் ஆக உயர்ந்த மட்டம் எதுவோ அதற்கு மேல் கர்வ் சொல்வதெல்லாம் ஊகம். 4 மீட்டர் வரைதான் அளந்திருக்கிறோம், வெள்ளம் 7 மீட்டர் வந்தது என்றால், அந்த உச்ச ஓட்டம் 'கர்வை நீட்டிக் கணித்தது' என்ற குறியோடுதான் வெளியே போக வேண்டும். மூன்றாவது டேபிள் இருந்தால் இந்தக் குறியை மென்பொருளே போட்டுவிடும்.

அடுத்தது 'தொடர்' டேபிள். முழு அமைப்பும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு நிலையத்தில் ஒரு அளவுரு (மட்டம், ஓட்டம் போன்றது), ஒரு கால இடைவெளி, தரவு கிடைத்த ஒரு வழி, எல்லாம் சேர்ந்தது ஒரு தொடர். பிலிகுண்டுலுவில் காலை 8 மணி மட்டம் ஒரு தொடர். அங்கேயே தானியங்கிக் கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் மட்டம் வேறு தொடர். கர்வ் வழியாகக் கணக்கிட்ட ஓட்டம் மூன்றாவது. தினசரிச் சராசரி ஓட்டம் நான்காவது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெச்இசி-டிஎஸ்எஸ் என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தொடருக்கும் ஆறு பகுதிகள் கொண்ட பெயர் உண்டு: ஆற்றுப் பகுதி, இடம், அளவுரு, காலத் துண்டு, இடைவெளி, கடைசியாகப் பதிப்பு. அந்தக் கடைசிப் பகுதியில்தான் இது அளந்ததா, கணித்ததா, எந்தக் கணினி மாதிரியின் விடை என்பதெல்லாம் போகும். அதைக் கட்டாயம் உங்கள் தொடர் டேபிளில் கொண்டு வாருங்கள்.

தீர்ப்பில் சொன்ன மாதாந்திர அளவுகளையும், ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95 என்று போகிறதே, அவற்றையும் ஒரு தொடராகவே வைக்கலாம். ஆண்டுக்கு மொத்தம் 177.25 டிஎம்சி. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் சொன்ன 192 டிஎம்சி அட்டவணை இன்னொரு பதிப்பு. வந்ததையும் வரவேண்டியதையும் ஒரே குவெரியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியும்.

இதன் பிறகு 'அளவீடு' டேபிள் மிக ஒல்லியாகிவிடும்: தொடர் எண், நேரம், மதிப்பு, அந்த மதிப்பின் நிலையைச் சொல்லும் தரக்குறி, பதிவான நேரம். கணக்கிட்ட ஓட்டமாக இருந்தால் எந்தக் கர்வ் என்ற எண்ணும். இவ்வளவே போதும். ஊர்ப் பெயர், அலகு எதுவும் இங்கே வேண்டாம்.

அலகைத் தொடரில் வையுங்கள், உள்ளே ஒரே அலகில் சேமியுங்கள். நான் கன மீட்டரைப் பரிந்துரைக்கிறேன். ஒரு கன மீட்டர் 35.3147 கன அடி. பார்ப்பவருக்குக் கன அடியும் டிஎம்சியும்தான் பழக்கம், அதைத் திரைக்கு வரும்போது மாற்றிக் கொடுங்கள். ஒரு டிஎம்சி 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த 11,574 என்ற எண்ணை நிரலில் பத்து இடத்தில் எழுதாதீர்கள், ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நேரம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆற்றுத் தரவில் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரத்தின் தேதியை வைத்தே தினசரிச் சராசரி எடுத்தால் உங்கள் 'நாள்' இந்திய நேரப்படி காலை 5.30-க்குத் தொடங்கி மறுநாள் 5.30-க்கு முடியும். யாரும் அப்படி ஒரு நாளைக் கேட்கவில்லை. மழையோடு ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடும். இந்தியாவில் மழைக் கணக்கு காலை 8.30 மணிக்கு முடியும். ஒரு தேதிக்கு எதிரே எழுதிய மழையில் பெரும்பகுதி முந்தைய நாள் பெய்தது. இதைக் கவனிக்காமல் மழையையும் ஓட்டத்தையும் தேதிக்குத் தேதி இணைத்தால், மழை பெய்வதற்கு முன்பே ஆறு பெருகியதாக வரைபடம் காட்டும். எனவே தொடர் டேபிளில் இரண்டு நெடுவரிசை சேருங்கள்: இந்தத் தொடரின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எழுதிய நேரம் இடைவெளியின் தொடக்கமா முடிவா.

ஆண்டும் அப்படித்தான். காவிரிக் கணக்கில் நீர் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடியும். அமெரிக்காவில் அக்டோபர் 1-இல் தொடங்கும், முடிகிற ஆண்டின் பெயரால் அழைப்பார்கள். 2022-இல் மேட்டூர் அணையைக் குறுவைக்காக மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். வழக்கமான ஜூன் 12-ஐ விட முன்னால். அந்த எட்டு நாள் தண்ணீர் நீர் ஆண்டுக் கணக்கில் 2021-22-இல் விழும், பயிர்க் கணக்கில் 2022 குறுவையில் சேரும். இரண்டும் சரி. அதனால் அளவீட்டு டேபிளில் 'ஆண்டு' என்று ஒரு நெடுவரிசையைப் பதிக்காதீர்கள். 'நாட்காட்டி' என்று சின்ன டேபிள் ஒன்று போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நீர் ஆண்டு, பருவமழை, பாசனப் பருவம் எல்லாம் எழுதி வையுங்கள். நூறு ஆண்டுக்கும் 36,525 வரிதான்.

இல்லாத தரவு. கொள்ளிடத்தில் கோடையில் ஓட்டம் பூஜ்யம் என்றால் அது உண்மையான பூஜ்யம், மணல்தான் இருக்கும். கருவி பழுதான நாளில் தரவு இல்லை என்றால் அது வேறு. இரண்டையும் 0 என்று எழுதினால் வறட்சி அலசல் முழுவதும் பொய்யாகிவிடும். பழைய கோப்புகளில் −999 என்றும் எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு −999 சராசரிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தரவு இல்லாத நாளுக்கும் ஒரு வரி போடுங்கள், மதிப்பைக் காலியாக விட்டுத் தரக்குறியில் காரணம் எழுதுங்கள்: கருவி பழுது, வாசிக்கவில்லை, ஆறு வறண்டிருந்தது. மூன்றாவதில் மட்டும் ஓட்டத்தின் மதிப்பு 0.

இனி ஆற்றின் பிணைப்பு. 'கீழே உள்ள நிலையம்' என்று நிலைய டேபிளிலேயே ஒரு நெடுவரிசை வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பல ஆறுகளுக்கு அது போதும், ஆறுகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால். பவானி வந்து சேரும், நொய்யல் சேரும், அமராவதி சேரும், எல்லாம் சரியாக இருக்கும். முக்கொம்புக்கு வந்ததும் அது உடையும். அங்கே காவிரி கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மறுபடி பிரிகிறது, உபரி கொள்ளிடத்துக்கே திரும்பிப் போகவும் வழி இருக்கிறது. ஒரு நிலையத்துக்குக் கீழே ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்ற அனுமானம் டெல்டாவில் செல்லாது. 'இணைப்பு' என்று தனி டேபிள் போடுங்கள்: எங்கிருந்து, எங்கே, எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் போய்ச்சேர ஆகும் நேரம், எந்தக் காலத்துக்குச் செல்லுபடி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். இந்த நேரத்தை ஒற்றை எண்ணாக வைக்காமல் ஓட்டத்தைப் பொறுத்த சிறு அட்டவணையாக வைத்தால் இன்னும் நல்லது. வறண்ட மணலில் முதல் தண்ணீர் ஊர்ந்துதான் வரும், ஏற்கெனவே நனைந்த ஆற்றில் வேகமாக ஓடும்.

அணைகளுக்கும் கர்வ் போலவே ஒன்று உண்டு. மேட்டூரில் 120 அடி என்றால் 93.47 டிஎம்சி என்று நாளிதழில் படிக்கிறோமே, அது மட்டத்திலிருந்து கொள்ளளவைச் சொல்லும் அட்டவணை. வண்டல் படியப் படிய அதையும் புதிதாக அளந்து மாற்றுவார்கள். ரேட்டிங் கர்வுக்குச் செய்த அதே 'செல்லுபடியாகும் காலம்' ஏற்பாடு இதற்கும் வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பலரும் முதலிலேயே கவலைப்படுகிறார்கள். 60 நிலையம், மூன்று அளவுரு, 15 நிமிட இடைவெளி, 20 ஆண்டு என்றே வைத்தாலும் 12.6 கோடி வரிதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தொடர் எண்ணும் நேரமும் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்), டேபிளைப் பிரிக்க நீர் ஆண்டுக்கு ஒரு பார்ட்டிஷன், அவ்வளவு போதும். உங்கள் பன்னிரண்டு நிலையங்களின் தினசரித் தரவு அதில் தூசு. போஸ்ட்கிரெஸுக்கான டைம்ஸ்கேல் போன்ற நீட்சிகள் நல்லவைதான், ஆனால் இப்போது அவசியமில்லை.

தினசரிச் சராசரி, ஆண்டு உச்சம், ஓட்டம் எத்தனை சதவீத நாட்கள் ஓர் அளவுக்கு மேல் இருந்தது என்ற கர்வ், இவற்றையெல்லாம் வியூவாக, அதாவது கேட்கும்போது மூலத் தரவிலிருந்து கணக்கிட்டுத் தரும் குவெரியாக, வையுங்கள். மெதுவாக இருந்தால் சேமித்து வைக்கும் வகை வியூ போடுங்கள். கையால் நிரப்பும் டேபிளாக மட்டும் வைக்காதீர்கள். ஆண்டு உச்சத்துக்கு ஒரு நிபந்தனை: அந்த ஆண்டில் எத்தனை நாள் தரவு இல்லை என்ற எண்ணும் பக்கத்திலேயே வர வேண்டும். அக்டோபர், நவம்பர் இரண்டும் காலியாக இருக்கும் ஆண்டின் 'உச்சத்தை' வெள்ள நிகழ்தகவுக் கணக்கில் போட்டால், பாலத்தின் உயரத்தைத் தவறாகச் சொல்லிவிடுவோம்.

கடைசியாகத் திருத்தங்கள். அளவீட்டு வரியை ஒருபோதும் மேலெழுதாதீர்கள், புது வரி சேருங்கள். 'பதிவான நேரம்' நெடுவரிசை அதற்குத்தான். ஒரே தொடருக்கும் ஒரே நேரத்துக்கும் இரண்டு வரி இருந்தால் பின்னால் பதிவானதே நடப்பு மதிப்பு. வழக்கமான குவெரிகள் நடப்பு மதிப்பைத் தரும் வியூவைப் பார்க்கட்டும். காவிரி போன்ற ஆற்றில் ஓர் எண் வெறும் எண்ணாக இருப்பதில்லை. அதை வைத்துக் கூட்டத்தில் பேசியிருப்பார்கள், அறிக்கையில் அச்சிட்டிருப்பார்கள், ஒருவேளை நீதிமன்றத்திலும் கொடுத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து 'அன்று நீங்கள் சொன்னது 8,900, இன்று 9,400 என்கிறீர்களே' என்று கேட்டால், அன்று எங்களிடம் இருந்த மதிப்பு இது, இந்தத் தேதியில் இந்தக் கர்வ் மாறியது, அதனால் இது இப்படி ஆனது என்று ஒரு குவெரியில் காட்ட முடிய வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தற்காலிகம், அங்கீகரிக்கப்பட்டது என்ற இரண்டு நிலைகளோடு தரவை வெளியிடுவதும் இந்த நேர்மைக்காகத்தான். அந்த இரண்டு குறிகளையும் உங்கள் தரக்குறிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தரவை ஏற்றும்போது மூலக் கோப்பை அப்படியே ஓர் இடத்தில் வைத்து, ஒவ்வொரு அளவீட்டு வரியும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற எண்ணையும் சேருங்கள். எல்லா நிலையத்தையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். ஒரு நிலையம், இரண்டு நீர் ஆண்டு, மட்டமும் கர்வும் சேர்த்து ஏற்றுங்கள். பிறகு பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு ஆகஸ்ட் மாதத்தின் 31 நாள் ஓட்டத்தைக் கையால் கூட்டி 11,574-ஆல் வகுத்து, மென்பொருள் சொல்லும் டிஎம்சியோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது தசம இடம் வரை ஒத்துப்போன பிறகு அடுத்த நிலையத்துக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் முதலில் காலை 8 மணி வாசிப்பு எந்த நாளின் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள்.